மண்ணெண்ணெயில் கழுவிய கீல்

"அழுத்திப் புடி மாப்ள! தூண் ஆடுது!"

சென்னிமலை இரண்டு கைகளாலும் மெஷினின் தூணைக் கட்டிப் பிடித்தான். பழைய டிரில்லிங் மெஷினை மாற்றி, பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரி ஆசைக்குச் செய்துகொண்ட மில்லிங் மெஷின். கட்டர் இரும்பைத் தொட்டதும் கடகடவென்று நடுங்கியது. அடியில் அம்மிக்கல்லை ஏற்றியும் நிற்கவில்லை.

வெள்ளியங்கிரி வீட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சென்னிமலையின் மகள் வசந்தாமணி. போலியோ கால். அதில் மாட்டும் இரும்புச் சட்டத்தின் முழங்கால் கீல் காலையில் உடைந்துவிட்டது. டீச்சர் டிரெயினிங்கில் சேர இன்றே கடைசி நாள். புதுச்சத்திரத்துக்குப் பத்தரைக்குப் பஸ்.

"பத்தாச்சுங்க மச்சான்."

வெள்ளியங்கிரி கீலை மாட்டினார். மயிரிழைதான் கோணல்; அதற்கே பாதியில் சிக்கிக்கொண்டது. காலையிலிருந்து வெட்டியதில் இது மூன்றாவது கீல்.

"போன தடவ வெண்ணையாட்டம் மடங்குச்சே!" என்றான் சென்னிமலை.

"அப்ப தூணைப் புடிச்சது சௌந்திரம். நீ எருமையாட்டம் தொங்குற."

வெள்ளியங்கிரியின் மனைவி சௌந்திரம் இறந்துபோய் நாற்பது நாள். ஏழு வருஷமாக அவள்தான் தூணைப் பிடிப்பாள். வெட்டி முடித்ததும், "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, மண்ணெண்ணெயில கழுவி வெக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். அவர் வந்து மாட்டினால் கச்சிதமாக உட்காரும்.

"இன்னொண்ணு வெட்டலாங்களா?"

"இரும்புப் பட்டை தீந்துபோச்சு." சம்மட்டியைத் தூக்கினார். "அவளோட இதுவுஞ் செத்துப்போச்சு மாப்ள. பழைய இரும்புக்குப் போடறேன்."

"மாமா, வேண்டாங்க!" வசந்தாமணி கத்தினாள். "அரிசிப் பானைக்குப் பின்னால ஒரு டப்பா இருக்குது. எடுத்தாங்க."

டப்பாவுக்குள் சீலைத்துணி சுற்றிய அரம். பாதிப் பற்கள் தேய்ந்திருந்தன. அவர் புரியாமல் நிற்க, வசந்தாமணி கீலைத் தொடையில் வைத்து ராவினாள். ஊதினாள், மாட்டினாள், மறுபடி ராவினாள். கீல் சத்தமில்லாமல் மடங்கியது.

ரோட்டில் பஸ் ஹாரன். சென்னிமலை கைகாட்டிக்கொண்டு ஓடினான்.

"உனக்கு யாரு சாமி ராவச் சொல்லிக் குடுத்தது?"

அவள் எழுந்து நின்று, ஒருமுறை காலை மடக்கி நீட்டினாள்.

"அத்த ராவறதப் பாத்துட்டே இருப்பனுங்க."

"உன்ற கீலை மட்டுமா?"

வசந்தாமணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏழு வருசமும், எல்லாத்தையுந்தானுங்க மாமா. உங்க மெஷின் ஒருநாளும் நேரா வெட்டுனதில்லீங்க. சொல்லக்கூடாதுன்னு அத்த சத்தியம் வாங்கியிருந்தாங்க."