ஒரு வாய் பால்

நர்ஸ் ரஃபீக்கா கரண்டியால் புகட்டிய புட்டிப்பால் ஹைதமின் கடைவாயில் வழிந்து கழுத்தை நனைத்தது. இரண்டு மாதக் குழந்தை. தாய் நஸீஹா விடியற்காலையில் இறந்ததிலிருந்து எதையும் விழுங்கவில்லை. பக்கத்து அறையில் அவளைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியின் பிள்ளை அழ அழ, ஜலீலாவின் சட்டை பாலில் நனைந்தது. அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது, மகள் லமீஸ். மார்பில் போட்டால் ஹைதம் குடித்துவிடுவான். ஆனால் ஒருத்தியிடம் ஒரு வாய் பால் குடித்தாலே அவள் பிள்ளைகளுக்கு அவன் கூடப்பிறந்தவன் என்பது கஃப்ஸா ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை.

வயிற்றில் இருக்கும்போதே இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவள் நஸீஹா. ஜலீலாவை 'சம்பந்தியம்மா' என்றுதான் கூப்பிடுவாள். நேற்றுகூட மூச்சிரைக்க, சம்பந்தியம்மா வீட்டில் சர்க்கரைப் பஞ்சமா, டீ ஏன் கசக்கிறது என்று சீண்டினாள். அவள் உடம்பு வாசல் தாண்டுமுன் அந்த ஆசையை எப்படி அறுப்பது?

"அவ ஆசைப்பட்டது உங்களுக்குத் தெரியாது, நர்ஸம்மா."

"எனக்கா தெரியாது?" ரஃபீக்கா கரண்டியை வைத்தாள். போன வாரம் குழந்தையை எடை பார்க்க வந்தபோது, ஜலீலா வெளியே போனதும், தன் இதயம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று நஸீஹா கேட்டாளாம். நகம் வெட்டாத தாய்மார்களைக்கூடத் தெருவே கேட்கத் திட்டும் ரஃபீக்காவுக்கு அன்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா. 'நான் போயிட்டா ஜலீலாவைப் பால் குடுக்கச் சொல்லுங்க. சம்பந்தம் போயிடுமேன்னு தயங்குவா, பைத்தியக்காரி. நான் சொன்னா அழுதுடுவேன். நீங்க திட்டிச் சொல்லுங்க'ன்னா."

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே?"

"புட்டிப்பால் குடிச்சிட்டான்னா சொல்லவே வேண்டாம்னு பார்த்தேன்." ரஃபீக்கா தலை குனிந்துகொண்டாள். "எனக்குத் திட்டவும் வரலை, ஜலீலா."

ஜலீலா பிள்ளையை வாங்கி மடியில் கிடத்திக்கொண்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். அவன் ஒருமுறை முகத்தைத் திருப்பினான். பிறகு பற்றிக்கொண்டான்.

முற்றத்தில் ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். வழிவிடச் சொல்லும் அண்ணன் முன்ஸிஃபின் குரல் உடைந்தது. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, ஜன்னலோடு சரி. மற்ற பெண்களெல்லாம் அங்கே கூடினார்கள். ரஃபீக்கா ஜன்னலைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

ஜலீலா எழுந்திருக்கவில்லை. வெளியே சத்தம் கூடியபோது, முக்காட்டை இழுத்துக் குழந்தையின் காதை மூடினாள்.