ஒன்றரை விநாடி

டுப்!

மூன்றாவது வலையும் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. ட்ரோன் அதில் சிக்கி, நாகலூர் எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் பொத்தென்று விழுந்தது.

"மூணுக்கு மூணு!" வலை வீசும் துப்பாக்கியை வடிவமைத்து, தானே சுட்டும் காட்டிய விஜயகுமார் தொடையைத் தட்டினான். "கவிப்பிரியா மேடம், பத்து சுட்டா ரெண்டுதான் விழும்னு உங்க கணக்கு சொல்லுச்சே? அந்த லேப்டாப்பை எடைக்குப் போடுங்க, பேரீச்சம்பழமாவது தேறும்!"

சில்வர் ஓக் நிழலில் உட்கார்ந்திருந்த தேர்வுக் குழுத் தலைவி புஷ்பலதா பேனாவைத் திறந்தார். அந்தக் கையெழுத்து விழுந்தால் அடுத்த மாதமே இந்தத் துப்பாக்கி எல்லைக்குப் போய்விடும். அங்கே காவல் நிற்பவர்களில் ஒருவன் மாதேஷ், கவிப்பிரியாவின் அண்ணன்.

தாக்க வரும் ட்ரோன் எப்படியெல்லாம் வளையும், நெளியும் என்று ஆறு மாதம் கணித்தவள், பக்கத்துத் தலைச்சோலை கிராமத்துக்காரியான அவள்தான். வலை நாற்பது மீட்டர் போய்ச் சேர ஒன்றரை விநாடி. நேராகப் பறக்கும் ட்ரோன் அதற்குள் எங்கே இருக்கும் என்பதைத் துப்பாக்கி சொல்லிவிடும். வளைந்தால் ஏமாறும். ஏமாந்தே ஆக வேண்டும்! பிறகெப்படி மூன்றும் விழுந்தன?

"ஒரு நிமிஷம் மேடம்!"

பறந்த பாதையைத் திரையில் ஓட்டினாள். வளைவு இருக்கிறது. நெளிவு இருக்கிறது. ஆனால் இதென்ன? ஒவ்வொரு முறையும் சுடுவதற்குச் சற்று முன்னால் வேகம் பூஜ்யம்!

ட்ரோனை இயக்கிய ரியாஸிடம் ஓடினாள். ஏற்காட்டில் கல்யாண வீடியோ எடுப்பவன் அவன்.

"ஏனுங்க ரியாஸ், அவர் குறி பாக்கறப்ப எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"நானுங்களா?" ரியாஸ் தலையைச் சொறிந்தான். "அட, ஆமாங்க! பதினோரு வருசமா கல்யாண ஊட்டுல பழகுன கை. யாராச்சும் நிமுந்து பாத்தா, சிரிக்கட்டும்னு ஒரு நொடி அப்படியே நிறுத்திப்புடுவனுங்க. இல்லைன்னா மாமியாக்காரங்க மூஞ்சி நொம்பக் கலங்கலா உழுந்துருமுங்க!"

புஷ்பலதாவே சிரித்துவிட்டார். பேனா மூடிக்கொண்டது. "மறுபடி முதல்ல இருந்து. பத்து வலை."

"இருபதுகூட ஏத்தறேன்!" என்றான் விஜயகுமார்.

கவிப்பிரியா ரியாஸின் காதில் சொன்னாள்: "கேமராவைத் தரைக்குத் திருப்பிக்கங்க. துப்பாக்கிப் பக்கம் கண்ணே போகக் கூடாது. கொண்டை ஊசி வளைவுல மாப்பிள்ளை கார் பறக்குது, நீங்க விரட்டறீங்கன்னு நெனச்சுக்கங்க. சரிங்களா?"

"அது நம்ம தினப்படி வேலைங்களே!"

ட்ரோன் சீறியது. டுப்! வலை காற்றைப் பிடித்தது. டுப்! ஓக் மரக்கிளையைப் பிடித்தது. மூன்று... நான்கு... ஐந்தாவது வலை குழுவினரின் தேநீர் மேசையைக் கவிழ்த்தது! ஏழாவது மட்டும் ட்ரோனை இழுத்துப் போட்டது. மாற்று ட்ரோன் எழும்பியது. எட்டு, ஒன்பது, பத்து, எல்லாம் காப்பிச் செடிகளுக்குத்தான் போர்வையாயின.

"உங்க கணக்கும் தப்பு," விஜயகுமார் வியர்வையைத் துடைத்தான். "ரெண்டுன்னீங்க. ஒண்ணுதான்."

"ரியாஸை நான் குறைச்சு எடை போட்டுட்டேனுங்க."

அவன் துப்பாக்கியைக் கீழே வைத்தான். மெல்லக் கேட்டான்: "இந்த வளைவையெல்லாம் இதுக்குள்ள ஏத்த முடியுமா?"

கவிப்பிரியா லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். "வாங்க, உக்காருங்க. ஏத்தி முடிக்கற வரைக்கும் இந்தத் துப்பாக்கி மலை அடிவாரம் தாண்டாதுங்க."