உங்கள் கல்யாணம் என்னிடம் இருக்கிறது

செய்தித்தாளை நான்காக மடித்து, சிவப்பு மையால் வட்டம் போட்டு, உபகாரமேரியின் மேசைமேல் வைத்தார் பழமலைநாதன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"படிச்சிப் பாரு மேரி. உன் தட்டு போயிடிச்சி."

காலையிலேயே டீக்கடையில் நின்று படித்துவிட்டிருந்தாள். ஆனாலும் அவர் எதிரில் அந்தத் தாளைப் பிரித்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தாள். வெளியே மாசி மகத்துக்கு வந்த கூட்டம் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஊதல் விற்பவன் கடை வாசலிலேயே நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

எச்.டி. டிவிடி தயாரிப்பதை ஜப்பானில் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவுதான் செய்தி. தெளிவான படத்தை ஜனங்கள் இனிமேல் எந்தத் தட்டில் பார்ப்பது, எச்.டி. டிவிடியிலா புளூ-ரேயிலா என்று உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் இரண்டு வருடமாக அடித்துக்கொண்டன. விருத்தாசலத்தில் அந்தச் சண்டைக்கு இருந்தது இரண்டே கடை. கடைவீதியில் பழமலைநாதனின் குளிர்சாதன ஸ்டுடியோ புளூ-ரே பக்கம். ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த மேரியின் கடை எச்.டி. டிவிடி பக்கம். துபாயிலிருந்து மங்கலம்பேட்டைக்குத் திரும்பிய ஒருவரிடம் அந்தத் தட்டில் பதிவு செய்யும் லேப்டாப் மலிவாகக் கிடைத்ததும் வாங்கிவிட்டாள். பழமலைநாதன் அதை எடுத்ததால்தான் மேரி இதை எடுத்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது முழுப்பொய்யும் இல்லை.

ஆறு வருடம் பழமலைநாதனின் பின்னறையில் உட்கார்ந்து கல்யாணப் படங்களை வெட்டி ஒட்டியவள் மேரி. மணமக்கள் தலையில் ரோஜாப்பூ கொட்டுவதும், இதயத்துக்குள் முகத்தை வைப்பதும் அவள் வேலை. படத்தின் கடைசியில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. கேமராவைத் தூக்கட்டுமா என்று அவள் கேட்டபோது, மண்டபத்தில் ஆம்பளைகள் மத்தியில் எங்கே போய் நிற்பாய் என்று சிரித்தார். மறுவாரமே வெளியே வந்துவிட்டாள். இரண்டு வருடத்தில், அந்தத் தட்டை ஓட்டும் பிளேயர் வைத்திருந்த பதினோரு குடும்பங்களுக்குப் புதுத்தட்டில் கல்யாணம் பதிந்து கொடுத்திருந்தாள்.

"பின்னறை அப்படியேதான் இருக்குது," என்றார் பழமலைநாதன், குரலை இறக்கி. "வந்து உக்காந்துக்க. பழசெல்லாம் நான் மனசுல வச்சிக்கல."

"தட்டுதாண்ணே போச்சி. நான் எங்கியும் போவல."

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மதியம் பெண்ணாடத்திலிருந்து பச்சமுத்து வந்தார். கரும்பு விவசாயி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் துர்காவுக்குக் கல்யாணம். மேரிதான் எடுப்பதாகப் பேச்சு. நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"ஏம்மா, செத்துப்போன தட்டுல எம் பொண்ணு கல்யாணத்தப் போட்டுக் குடுத்தா, நாளைக்கி அத எதுலம்மா பாக்குறது?"

"சாதா டிவிடியிலயும் போட்டுத் தரேங்கய்யா. டேப்பு எங்கிட்ட இருக்குது. எப்ப எந்தத் தட்டு வந்தாலும் அதுல..."

"அதெல்லாம் எனக்குப் புரியாது. பழமலைநாதன்கிட்ட சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காத."

அவர் போனபிறகு மேரி டேப்புகள் இருக்கும் பீரோவைத் திறந்து பார்த்தாள். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு டேப்பில் ஒரு கல்யாணத்தை எடுத்து, தட்டில் ஏற்றிக் கொடுத்ததும் அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள். பழமலைநாதனின் கடையில் அவளே எத்தனையோ தாலிகளின்மேல் வேறு தாலிகள் ஏறியதைப் பார்த்திருக்கிறாள். தன் கடையில் அவள் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. பேர், தேதி, மண்டபம் எழுதி வரிசையாக அடுக்கியிருந்தாள்.

சாயங்காலம் பீங்கான் கம்பெனியிலிருந்து அவள் கணவன் ராபர்ட் வந்தான். முழங்கைவரை வெள்ளைமண் காய்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கொஞ்ச நாளைக்கி அவருகிட்டயே போயேன் மேரி," என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அந்த வார்த்தை நெஞ்சில் கிடந்து உறுத்தியது. அவள் ஒரு பலகையை எடுத்துத் துடைத்து, பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். மறுநாள் காலை கடை வாசலில் அதை மாட்டினாள்.

'எச்.டி. டிவிடி இனி வராது. என்னிடம் வாங்கியவர்கள் வாருங்கள். உங்கள் கல்யாணம் என்னிடம் இருக்கிறது. வேறு தட்டில் பதிந்து தருகிறேன். இப்படிக்கு, உபகாரமேரி.'

கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். எதிர் டீக்கடை அர்ச்சுனன் ரோட்டைத் தாண்டி வந்து கேட்டார்:

"தோத்துட்டேன்னு யாராச்சும் போர்டு மாட்டுவாங்களா?"

"தோத்தது தட்டுண்ணே. அத மறைச்சி வச்சாதான் நான் தோத்த மாதிரி."

ஐந்து நாளில் ஒன்பது குடும்பம் வந்தது. இரண்டு பேர் திட்டினார்கள். நின்று வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் மாற்றிக் கொடுத்த தட்டைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் போன் வந்தது.

"அக்கா, நான் துர்கா. பச்சமுத்து பொண்ணு."

"சொல்லும்மா."

"நீங்க போர்டு மாட்டுனத சிவசங்கரி சொன்னா. என்னோட காலேஜ்ல படிச்சவ. அவ கல்யாணத்த நீங்கதான எடுத்தீங்க? இன்னிக்கிதான் அவ வூட்ல பாத்தேன். நான் எங்கியோ மூலையில நின்னு பந்தி பரிமாறிக்கினு இருந்தேங்க்கா. என்னயும் எடுத்திருக்கீங்க. எங்கப்பா வேணான்னுட்டாரு. எனக்கு வேணும். என் பேரச் சொல்லிக்கினு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்துக்குள் மேரி கேமராவோடு நுழைந்தபோது பழமலைநாதனின் ஆட்கள் மேடைமேல் மூன்று பெரிய விளக்குகளை நிறுத்தியிருந்தார்கள். பச்சமுத்து வேகமாக வந்தார்.

"நீ என்னாத்துக்கும்மா வந்த?"

மேரி வாயைத் திறக்குமுன் மேடையிலிருந்து குரல் வந்தது. "நாந்தாம்ப்பா வரச்சொன்னேன்." மாலையும் ஜடையுமாக மணையில் உட்கார்ந்திருந்த துர்கா தலையைக் குனியவே இல்லை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. பச்சமுத்து துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். வழிவிட்டு ஒதுங்கினார்.

பழமலைநாதன் மேடை விளிம்புக்கு வந்தார். "மேல ஒரு கேமராதான். சொல்லிட்டேன்."

"மேடைய நீங்களே வச்சிக்குங்கண்ணே. எனக்குக் கீழ போதும்."

அவள் முதல் வரிசைக்குப் பக்கத்தில், நட்டநடுவே, ஆம்பளைகள் நின்றுகொண்டிருந்த இடத்தில் போய் நின்றாள். ஒருவர் நகர்ந்தார். இன்னொருவர் நகரவில்லை, அவர் தோளை இடித்துக்கொண்டே நின்றாள்.

கெட்டிமேளம் தொடங்கியது. மேடையில் விளக்குகளும் முதுகுகளும் சேர்ந்து ஒரு சுவர்போல நின்றன. மாப்பிள்ளையின் கை தெரியவில்லை, தாலியும் தெரியவில்லை. மேரி அந்தச் சுவரோடு போராடவில்லை. கேமராவை அப்படியே பக்கவாட்டில் திருப்பினாள். அங்கே துர்காவின் அம்மா விருத்தாம்பாள், சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தவள், மேடை தெரியாமல் நுனிக்காலில் எம்பினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அதன்மேல் ஏறினாள். யாரோ இறங்கச் சொல்லிக் கத்தினார்கள். அவள் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டாள். மறுகையின் மூடிய விரல்களிலிருந்து மஞ்சள் அரிசி ஒவ்வொன்றாக உதிர, கழுத்தை நீட்டி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.