கடைசித் தெருவுக்கு முதல் தண்ணி

அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடத்தில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்த வேதமுத்து, சுருட்டி வைத்திருந்த பேப்பரை மனைவி தெரசாளிடம் நீட்டினான்.

"நம்ம தலைவரு டெல்லிக்குப் போறாராம். நல்ல காரியம் செய்யிற ஊராட்சிகளுக்குத் தேசிய விருதாம். நம்ம ஊருக்குக் கெடச்சிருக்கு."

"என்ன காரியத்துக்காம்?"

"கடைசித் தெருவுக்கு மொத தண்ணி விட்டதுக்காம்."

தெரசாள் அரிசி களைந்த கையை உதறினாள். "யாரு விட்டா?"

வேதமுத்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஊரில் யாரைக் கேட்டாலும் அதற்குப் பதில் தெரியும்.

பரளச்சியைத் தாண்டி உள்ளே கிடந்த ஊர் அது. இருந்தது ஒரே ஆழ்துளைக் கிணறு. அதுவும் நாளொன்றுக்கு ஒரு தொட்டித் தண்ணிதான் தரும். தொட்டி மேலத்தெருவில் நின்றது. அங்கிருந்து நாலு தெருக்களைக் கடந்து குழாய் கடைசியாகக் கீழத்தெருவுக்கு வரும்போது வெறும் காற்றுதான் வரும். கீழத்தெருப் பெண்கள் இரண்டு மைல் நடந்து கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டார்கள்.

தொண்ணூற்றாறு தேர்தலில் தெரசாள் அந்தத் தெருவுக்கு உறுப்பினர் ஆனாள். அடுத்த கோடையில் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து, "மேல உள்ள வால்வையெல்லாம் மூடிட்டு மொதல்ல கடைசித் தெருவுக்கு ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் ஒவ்வொரு தெருவா மேல வாங்க. எல்லாருக்கும் கெடைக்கும்" என்றாள்.

தலைவர் ஐயாத்துரை நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கீழத்தெரு குடிச்ச மிச்சத்தையா நாங்க குடிக்கணும்?"

மறுநாள் காலை தெரசாள் இருபது பெண்களோடு காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அங்கேயே கஞ்சி காய்ச்சினார்கள். மூன்றாம் நாள் மேலத்தெரு ஆட்கள் வந்து குடங்களை உதைத்தார்கள். மண்குடம் ஒன்று உடைந்து தெரசாளின் கணுக்காலைக் கிழித்தது. ஐந்தாம் நாள் ஒன்றிய அதிகாரி ஜீப்பில் வந்து, ஒரு மாதம் அந்த அம்மா சொன்னபடி விட்டுப் பார்க்கச் சொன்னார். அந்த ஒரு மாதம் எல்லாத் தெருவிலும் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை.

டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களைத் தலைவர் தன் வீட்டில் உட்காரவைத்து இளநீர் கொடுத்து அனுப்பியதும், தெரசாள் அன்று காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்ததும் இப்போதுதான் அவளுக்கு ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது.

"விடு. பேரு அவருக்குப் போனாப் போகுது. தண்ணி வருதுல்ல" என்றான் வேதமுத்து.

அவளும் விட்டுவிடத்தான் பார்த்தாள்.

ஐயாத்துரை டெல்லிக்குப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா என்று தண்டோரா போட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை கீழத்தெருக் குழாயில் தண்ணி வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. ஞாயிறு காலையும் வராமல் போகவே, தெரசாள் கோயிலுக்குக் கட்டிய சேலையோடு தொட்டிக்குப் போனாள். தண்ணி திறந்துவிடும் சீனிச்சாமி தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன செய்யச் சொல்றீக, தெரசாக்கா. ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. பந்தலுக்குத் தண்ணி தெளிக்கணும். விழா முடியிறவரைக்கும் கீழத்தெருவ மூடி வைக்கச் சொல்லிட்டாரு."

"எதுக்கு விழா?"

சீனிச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"சொல்லுலே, எதுக்கு விழா?"

"கடைசித் தெருவுக்கு மொத..." வால்வு திருகும் கம்பியைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

பந்தலில் வாத்தியார் ஒருவர் விருதுப் பட்டயத்தை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார். "தலைவர் ஐயாத்துரை அவர்களின் சிந்தையில் உதித்த இத்திட்டம்..." தெரசாள் வால்வுக் குழிக்குள் இறங்கினாள். மேல நாலு தெருவையும் மூடினாள். கீழத்தெருவுக்குத் திறந்தாள். துரு உள்ளங்கையை அறுத்தது. சற்று நேரத்தில் சமையல் கொட்டகையில் கூச்சல் கிளம்பியது.

ஐயாத்துரை கழுத்து மாலையைக் கழற்றாமலே ஓடி வந்தார். பின்னாலேயே மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரியும், பாதி ஊரும்.

"ஏய், அரசாங்க விழாவையா கெடுக்கிற? ஏறு மேல!"

தெரசாள் குழிக்குள்ளேயே நிமிர்ந்து நின்றாள்.

"நீங்க போட்டோ எடுத்துக்கிட்டீக. மாலை போட்டுக்கிட்டீக. உங்க சிந்தையில உதிச்சதுன்னு எழுதி வாசிக்கச் சொன்னீக. நான் ஒரு வார்த்தை கேட்டனா? தண்ணிய எதுக்கு நிறுத்துனீக? மூணு நாளா எம் பிள்ளைக கண்மாய்ச் சேத்துல தண்ணி மொண்டுக்கிட்டு இருக்குக. கடைசித் தெருவுக்கு மொத தண்ணி விட்டேன்னு விருது வாங்கிட்டு வந்து, அந்த விருதுக்குச் சோறு பொங்க எங்க தண்ணியையே புடுங்குவீகளா?"

தெரசாள் அதிகாரியைப் பார்த்தாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. இது நியாயமா?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விருதுநகர்ல எனக்கு இன்னொரு மீட்டிங் இருக்கு" என்று தலைவரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆனால் வால்வை மூட யாரும் குழிக்குள் இறங்கவில்லை. தெரசாள் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றாள். கீழத்தெருவில் கடைசிக் குடமும் நிறைந்த பிறகுதான் மேலே ஏறி வந்தாள்.

தலைவர் கொடுத்த புகாரின் பேரில் செவ்வாய்க்கிழமை திருச்சுழி போலீஸ் ஸ்டேஷனில் அவளைக் காலையிலிருந்து நாலு மணி வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். ஊர் திரும்பியபோது சீனிச்சாமியை வேலையை விட்டு நீக்கிவிட்ட சேதி காத்திருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே மற்ற உறுப்பினர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தாள். மேலத்தெரு உறுப்பினர் ஆவுடைத்தாய் வீட்டு வாசலில்கூடப் போய் நின்றாள். "மேட்டுல இருக்கிற உன் வீட்டுக் குழாயிலயும் முன்னாடி பாதிக் குடந்தான் வரும். நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு" என்றாள். ஆவுடைத்தாய் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கூட்டத்தில் தெரசாள் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவந்தாள். சீனிச்சாமிக்கு வேலை திரும்ப வேண்டும். எந்த விழாவுக்காகவும் தண்ணி வரிசையை மாற்றக்கூடாது. ஒன்பது பேரில் நாலு கை உயர்ந்தது. கொஞ்சம் தாமதித்து ஐந்தாவதாக ஆவுடைத்தாயின் கை உயர்ந்தது.

ஐயாத்துரை அந்தக் கையையே பார்த்தார். பிறகு தீர்மானப் புத்தகத்தை இழுத்து வைத்துக்கொண்டு தெரசாளிடம், "இப்பவாவது கோவம் தீந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் தெரசாள். "கையெழுத்தப் போடுங்க."