முத்துப்பேழையின் உறக்கம்

மார்கழியிலும் மின்விசிறி சுற்றும் தூத்துக்குடியில், கம்பெனி வாசலில் பனிக்கரடி ஃப்ளெக்ஸ் ஒன்று தொங்கியது. கரடி கண்ணை மூடிக் கிடந்தது. கீழே ‘உறங்கும் அறிவு, விழிக்கும் வெற்றி’ என்று எழுதியிருந்தது. எழுதியவர் நிர்வாக இயக்குநர் ஃபிராங்க்ளின். பனிக்கரடி அப்படியெல்லாம் மாசக்கணக்கில் தூங்காது என்று, அங்கே புரோகிராம் எழுதும் நேசக்குமார் சொல்லிப் பார்த்தார்.

“கஸ்டமர் என்ன கரடியா வளக்காம்? தொங்கட்டும்லே” என்றுவிட்டார் ஃபிராங்க்ளின்.

விஷயம் இவ்வளவுதான். துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடைகளில், எடைக்கணக்கைப் பதிந்துவைக்கும் இவர்கள் கம்பெனியின் சேமிப்புப் பெட்டி ஓடுகிறது. கரண்ட் போனால், பேட்டரி தாங்கும் சில நிமிடத்துக்குள் கம்ப்யூட்டர் தன் நினைவில் இருப்பதை அப்படியே படம்பிடித்துத் தன் டிஸ்கில் எழுதிவிட்டு முழுக்க அணைந்துவிட வேண்டும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ள வேண்டும். ஹைபர்னேஷன் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது வரும். கம்ப்யூட்டரையும் பெட்டியையும் பேசவைக்கிற டிரைவர் என்ற புரோகிராமுக்குத்தான் வராது. அதைப் பழக்குவது நேசக்குமாரின் வேலை.

அந்த டிரைவரை ஆதியில் எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் நேசக்குமார். இன்னொருவர், டை கட்டப் பழகாத காலத்து ஃபிராங்க்ளின்.

அன்றைக்கு அலுவலகம் என்பது ஒரு பேக்கரியின் மாடி. கீழே மக்ரூன் வேகும், மேலே இவர்கள் வேகுவார்கள். ஃபிராங்க்ளின் பனியனோடு தரையில் குப்புறப் படுத்துத்தான் புரோகிராம் எழுதுவான். நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் பெட்டி உட்கார்ந்திருந்தது. அது முதன்முதலாகப் பதில் சொன்ன அன்று இருவரும் கீழே ஓடி, உடைந்த மக்ரூனாகப் பொட்டலம் கட்டி வாங்கி, படியிலேயே நின்று தின்று தீர்த்தார்கள். அந்த வாசனை இன்றைக்கும் நேசக்குமாருக்கு டிரைவரின் முதல் பக்கத்தைத் திறந்தால் வரும். ‘முத்துப்பேழை’ என்று பெயர் வைத்தது ஃபிராங்க்ளின். லாட்ஜிலிருந்து லாண்டரி வரை எல்லாமே முத்தாக இருக்கிற ஊரில் பெட்டி மட்டும் எப்படித் தப்பும்?

இப்போது பெட்டிக்கே கெடு வைத்தாயிற்று. சனிக்கிழமை டெமோ தேறவில்லையென்றால் முத்துப்பேழையைக் கைவிட்டுவிட்டு, சிங்கப்பூர்ப் பெட்டியை வாங்கி விற்பதாக முடிவு. “சென்டிமென்ட் பாத்தா பிசினஸ் நடக்காது, மிஸ்டர் நேசக்குமார்” என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் ஃபிராங்க்ளின்.

நேசக்குமார் அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் தூங்கவைத்துத் தூங்கவைத்து எழுப்பினார். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

சனிக்கிழமை எடைமேடையில் ஃபிராங்க்ளின் இமயமலை, கரடி, மனிதகுலம் என்று வரிசையாகத் தொட்டுப் பேசினார். வெளியே லாரிகள் சேர்ந்துகொண்டிருந்தன. எடைமேடை மேனேஜர் செல்வலட்சுமி மரியாதைக்குக் கொஞ்சம் கேட்டுவிட்டு, “அப்ப தூங்க வைங்க அண்ணாச்சி” என்றார் நேசக்குமாரிடம்.

ஒரு லாரியின் நம்பர் பாதி அடித்த நிலையில் கம்ப்யூட்டர் அணைந்தது. உடனே செல்வலட்சுமி குனிந்து, கம்ப்யூட்டர், பிரிண்டர், முத்துப்பேழை என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்.

“எதுக்கு மேடம் இதெல்லாம்?” என்றார் ஃபிராங்க்ளின்.

“கரண்ட் போனா பிடுங்கிருவோம் ஸார். இங்கன உப்புக்காத்து. மாட்டியே கெடந்தா பின்னெல்லாம் பச்சை பூத்துரும்.”

டீ குடித்துவிட்டு மாட்டினார்கள். பாதி நம்பர் திரையில் வந்தது. வந்தது வந்தபடி நின்றது. விசையை எப்படித் தட்டினாலும் அசையவில்லை.

“அண்ணாச்சி, ஒங்க கரடி செத்துட்டு போல” என்றார் ஜன்னலில் நின்ற லாரி டிரைவர்.

பிளக்கைப் பார்த்ததும்தான் நேசக்குமாருக்குப் புரிந்தது. அலுவலகத்தில் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடியது. கம்ப்யூட்டர் தூங்கியபோதெல்லாம் பெட்டி விழித்தே இருந்திருக்கிறது. எழுந்தவனை அடையாளம் கண்டு பேசியிருக்கிறது. இங்கே பெட்டியும் செத்துப் பிழைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் பழைய நினைவோடு எழுந்து பாதிப் பேச்சைத் தொடர்கிறது. பெட்டிக்கோ அது யாரென்றே தெரியாது.

கம்ப்யூட்டர் எழுந்ததும் பெட்டியோடு புதிதாக அறிமுகம் செய்துகொள்ளும்படி, நேசக்குமார் தன் மடிக்கணினியில் டிரைவரைத் திருத்தினார். மறுபடி தூக்கம், மறுபடி பிளக். மறுபடியும் நின்றது.

ஃபிராங்க்ளின் போனை எடுத்து சிங்கப்பூர்க்காரர் நம்பரைத் தேடினார். தேடிக்கொண்டே, மடிக்கணினித் திரையில் கிடந்த புரோகிராமை ஒரு பார்வை பார்த்தார். விரல் நின்றது.

“ஏலே, அறிமுகத்துக்கு முன்னால பழைய கேள்வியெல்லாம் அழிச்சியா?”

“எந்தக் கேள்வி?”

“தூங்கப்போவுமுன்ன பெட்டிகிட்ட கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்துக் கெடக்கும்லா, அது. பேக்கரி மாடில நீ வயரத் தட்டிவிட்டு இப்பிடித்தான நின்னுச்சு? அன்னைக்கு ராப்பூரா என்னிய ஏசுனியே, மறந்துட்டியா?”

“வயரத் தட்டுனது நீதாம்லே.”

“யாரு? நானா? கிழிச்ச. தள்ளு.”

டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, காலியான உப்புச் சாக்கு ஒன்றை இழுத்துப்போட்டுத் தரையில் உட்கார்ந்தான் ஃபிராங்க்ளின். மடிக்கணினியை மடியில் வைத்தான். வயிறு இடித்தது. “அந்தக் காத்திருப்ப அழி. கேள்விய வெளிய எடுத்து வையி. அறிமுகம் முடிஞ்சப்பெறவு திரும்பக் கேளு” என்று நேசக்குமார் மேலே நின்று சொல்லச் சொல்ல, “தெரியும்லே, வாய மூடு” என்று அடித்துக்கொண்டே போனான்.

கம்ப்யூட்டர் தூங்கியது. செல்வலட்சுமி பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து மாட்டினார். பாதி நம்பர் வந்தது. அவர் மீதியை அடித்தார். எடை பதிவாகி, பிரிண்டர் சீட்டைத் துப்பியது.

ஃபிராங்க்ளின் எழுந்து தொண்டையைச் செருமினார். “இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க...”

“ஸார், லாரி நிக்கி. நாங்க இந்தப் பெட்டியவே வச்சுக்கிடுதோம்” என்றார் செல்வலட்சுமி.

ஃபிராங்க்ளின் சாக்கிலேயே திரும்ப உட்கார்ந்தான். போனில் சிங்கப்பூர்க்காரருக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பினான். அனுப்பியதும் போன் அடித்தது. அடுத்த மீட்டிங்.

“நீங்க ஆரம்பிங்க. இங்கன ஒரு வேலையா இருக்கேன்” என்றான்.

மீட்டிங்காரர்களிடம் அவன் அலங்காரம் இல்லாமல் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான். நேசக்குமார் இன்னொரு சாக்கை இழுத்துப் பக்கத்தில் போட்டார். அடுத்த லாரி மேடையில் ஏறியது.