எதிரெதிரே இரண்டு தையல் மெஷின்

1

இந்தக் கதை தானாக உதித்ததல்ல, கேட்டு வாங்கப்பட்டது. சிறுதொழில்களுக்குக் கைகொடுக்கும் ஒரு நிறுவனம், "எங்க உதவியால வளர்ந்த ஒரு தொழிலப் பத்தி நம்பிக்கையா ஒரு கதை எழுதிக் குடுங்க சார்" என்றது. தலையாட்டிவிட்டேன். ஆட்டியிருக்கக் கூடாது.

முதல் தொடக்கம்: "விடாமுயற்சி வீண்போகாது என்பதற்கு இதோ இரண்டு பெண்கள்..." (அடச்சீ. அடித்துவிட்டேன். நீங்களும் படிக்காத மாதிரி இருங்கள்.)

2

அண்ணன் தம்பியைக் கட்டிய இரண்டு ஓரகத்திகள். வீட்டு முன்னறையில் பள்ளிக்கூடப் பை தைக்கிறார்கள். எதிரெதிரே மெஷின் போட்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டே ஆளுக்கொரு பையை முழுசாகத் தைத்து முடிப்பார்கள்.

நிறுவனத்து ஆலோசகர் வந்தார். மெஷின்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிப் போட்டார். முன்னால் இளையவள் ஜிப் வைத்துப் பின்னால் தள்ள, மூத்தவள் பையை மூட்ட வேண்டியது. ஒரு நாளில் தைக்கிற பை இரட்டிப்பானது. ஒரு பள்ளிக்கூடம் பெரிய ஆர்டரே கொடுத்தது.

(இவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. கடைகடையாக ஏறி இறங்கி அவர்களுக்காகப் பேசியவர். தங்கமான பிள்ளை.)

3

இளையவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை. மூத்தவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் எதிரே போய் நின்று கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"நாலு காசு பார்த்ததும் மகாராணி ஆயிட்டியா? தொண்டை கிழியக் கத்தறேன், காது என்ன செவிடா?"

செவிடுதான். சின்ன வயதிலேயே காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பேச்சு புரியும். இதுவும் புரிந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

(முறைக்காதீர்கள், வாசகரே. இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று நானும் மூத்தவளைக் கேட்டேன்.)

"எனக்கே மறந்துபோச்சு சார். அவ வந்த நாள்லேருந்து மூஞ்சியப் பார்த்துதான் பேசிட்டிருக்கோம். அவளுக்குக் கேக்காதுங்கற நெனப்பே வந்ததில்ல. அந்த ஆபீசர் தம்பிகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

4

விஷயம் தெரிந்ததும் ஆலோசகர் இடிந்துபோனார். தானே மெஷின்களைத் தூக்கி மறுபடி எதிரெதிரே போட்டார். "பை கொறஞ்சா கொறையட்டும்க்கா. பள்ளிக்கூடத்துல நான் பேசிக்கறேன். நீங்க போய் அவங்களக் கூட்டிட்டு வாங்க."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போவேன்?" என்று மூத்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

முடிவு அ: இளையவள் தானாகவே திரும்பி வருகிறாள், ஆர்டரும் குறித்த நேரத்தில்... (நிறுவனத்துக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கை இல்லை. ரோஷக்காரி.)

முடிவு ஆ: அந்த மெஷினில் வேறொரு பெண் வந்து... (இதை எழுதக் கை வரவில்லை.)

5

ஆக, முடிவு என்னிடம் இல்லை. இளையவள் அம்மா வீட்டு ஜன்னலோரம், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கிருந்து எவ்வளவு எழுதினாலும் திரும்பமாட்டாள்.

நீங்கள் போகிறீர்களா? மூத்தவளைக் கையோடு இழுத்துப் போங்கள். வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். சுற்றிக்கொண்டு போய், அவளுக்கு எதிரே இவளை நிறுத்துங்கள். மற்றதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும்.