மாப்பிள்ளைப் போத்தல்

அன்று ஏறாவூரில் கச்சி முகம்மதுவின் வீட்டில் இருந்தவர்கள்: அவர், அவருடைய மனைவி றம்லா, என் மகள் ஸாலிஹா, மருமகன் நளீர், நான். பிறகு ஆளுக்கொரு கதை சொல்லக்கூடாது என்பதற்காகவே பெயர்களை எழுதுகிறேன்.

என் பேத்தி சஹ்லாவுக்கு அவர்களுடைய மகன் அம்ஜத்தைக் கேட்டுப் போயிருந்தோம். பேச்சு நன்றாகவே போனது. தேநீர் வந்ததும் கச்சி முகம்மது கண்ணாடி அலுமாரியைத் திறந்து, மூடி கழற்றாத ஒரு பழைய போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். காத்தான்குடியில் என் வாப்பா தொடங்கிய இளம்பிறை இஞ்சிச் சோடா. நாங்கள் அதை நிறுத்தி இருபது வருடமாகிறது. போத்தலின் அடியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

“கோவிக்காதீங்க ஹாஜியார். பல்லி கிடந்துதான் ஒங்கட கம்பனி மூடுபட்டெண்டு ஊரெல்லாம் சொல்றாங்க. அந்தப் பல்லி இதுக்குள்ளதான் இரிக்கி. சம்பந்தம் பேசக்கொள்ள மறைக்கப்படாதே.”

ஸாலிஹா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கதையை எத்தனையோ பேரிடம் மறுத்திருக்கிறேன். போத்தலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உண்மையிலேயே பல்லியென்றால், பேத்தியின் சம்பந்தத்தோடு வாப்பாவின் பெயரும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.

“இது எங்க கிடைச்ச?”

“பஹ்மிட கலியாணத்தில. வால் தெரிஞ்சிச்சி. குடிக்காமக் கொண்டுவந்திட்டன்.”

அந்தக் கலியாணம் எனக்கு மறக்கவில்லை. கலியாண வீடுகளுக்குச் சோடா அனுப்பும்போது, மாப்பிள்ளை குடிக்கும் போத்தலில் மட்டும் ஒரு கறுவாப்பட்டைத் துண்டு போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை பஹ்மிக்கு அந்தப் போத்தல் வரவில்லையென்று அவருடைய ஆட்கள் என்னோடு சண்டைக்கே வந்தார்கள்.

“திறங்க,” என்றேன். “எல்லாருக்கும் முன்னால.”

நளீர் மூடியைக் கழற்றிப் பீங்கான் தட்டில் கவிழ்த்தார். கறுப்புத் துண்டு வழுக்கி விழுந்தது. எவரும் தொடவில்லை. நானே எடுத்து இரண்டாகப் பிய்த்தேன். காலுமில்லை, வாலுமில்லை. பிய்ந்த இடத்தில் இன்னும் மணம் இருந்தது. றம்லா குனிந்து முகர்ந்தார்.

“என்டல்லாஹ்! இது கறுவாப்பட்ட!”

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். றம்லா கணவரின் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளட சோடாவ இத்தின காலம் ஒளிச்சி வெச்சிரிக்கீங்க. ரெண்டாம் கலியாணத்துக்கோ?”

“சும்மா இரி புள்ள,” என்ற கச்சி முகம்மதுவும் சிரித்துவிட்டார். “மாப்புத் தாங்க ஹாஜியார். நிக்காஹ்வுக்கு நாளப் பாருங்க.”

சபையில் நான் நாற்காலியில் சாய்வதில்லை. அன்று சாய்ந்தேன். ஆறிப்போன தேநீர்கூட நன்றாக இருந்தது.

ஊரில் இன்னும் கதைப்பவர்களுக்காக எழுதுகிறேன்: பல்லி விழுந்து இளம்பிறை மூடப்படவில்லை. சுனாமியில் கடல் ஏறிக் கம்பனிக் கிணறு உவராகியது. அந்தத் தண்ணீரில் சோடா செய்ய நாங்கள் சம்மதிக்கவில்லை. ஆகவே நிறுத்தினோம்.